பதினேழாம் நம்பர் டம்ளர்

பல் செட் பொய் சொல்லாது என்றார் டாக்டர் கோதண்டராமன். செட் சொல்லாது, சரி. அதை மாட்டிக்கொண்டிருக்கிற மனுஷ ஜென்மம் சொல்லுமே, அதற்கு என்ன செய்வது என்று பிருந்தா மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். வாயைத் திறந்து சொல்லியிருந்தால், "உனக்குப் பாலைப் பாத்தாலும் தண்ணி கலந்த மாதிரியே தெரியுமேம்மா" என்பார். ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. கோயம்புத்தூரில் இந்த ஆராய்ச்சி மையத்துக்கு வருவதற்கு முன்னால், பதினோரு வருஷம் அவள் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் சரிபார்க்கிற வேலையில் இருந்தவள். செத்துப்போனதாகச் சான்றிதழ் கொடுத்த ஆள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டதைக் கண்ணால் பார்த்தவள். அதற்கப்புறம் காக்கா கத்தினால்கூட எதற்குக் கத்துகிறது என்று விசாரிக்கத் தோன்றிவிடும். இங்கே அவள் வேலை, ஆராய்ச்சிக்குச் சேர்ந்த நாற்பது நோயாளிகளும் விதிப்படி நடக்கிறார்களா என்று பார்ப்பது. அவள் குணத்துக்கு ஏற்ற வேலைதான்.

டாக்டரின் மேஜைத் திரையில் நாற்பது புள்ளிகள். முப்பத்தொன்பது பச்சை. பதினேழாம் நம்பர் மட்டும் சிவப்பு.

"ரெண்டு தடவ குழாய் விட்டுப் பாத்தாச்சு சார். குடல் சுத்தமா இருக்கு. ஸ்கேன்லயும் ஒண்ணுமில்ல" என்றாள் பிருந்தா.

"குழாய் போகாத இடமும் குடல்ல இருக்கும்மா. சிறுகுடல் மட்டும் இருபது அடி. செட் சிவப்பு காட்டுதுன்னா எங்கயோ கட்டி இருக்கு. செவ்வாய்க்கிழமை வயித்தத் திறந்து பாத்துடலாம். சர்ஜன்கிட்ட பேசிட்டேன்."

"அந்தம்மாவுக்கு இதயமும் சேர்ந்து பெருத்திருக்கு. மயக்க மருந்து குடுத்தா எந்திரிப்பாங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த பயம் எனக்கும் இருக்கு. கட்டி இருந்து நாம விட்டுட்டோம்னா? அந்த பயம் அதவிடப் பெருசு."

நியாயமான பேச்சுதான். ஆனால் பல் செட் செய்த பெங்களூர் கம்பெனிக்காரன் பத்து நாளாகத் தினமும் இரண்டு தடவை போன் செய்வது பிருந்தாவுக்குத் தெரியும். இந்த ஆராய்ச்சியில் இதுவரை ஒரு கட்டிகூட அகப்படவில்லை. பதினேழாம் நம்பர் வயிற்றில் ஒன்று கிடைத்துவிட்டால் அவர்களுக்குத் தீபாவளி. கிடைத்தே ஆகவேண்டும் என்று யாரோ எங்கேயோ ஒரு எண்ணை மாற்றி எழுதியிருந்தால்? எண்ணை மாற்றுவது என்ன பெரிய வித்தை!

வால்பாறையிலிருந்து பதினேழாம் நம்பரும் அவள் புருஷனும் வந்து வெளியே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கூப்பிட்டு டாக்டரே விஷயத்தைச் சொன்னார். லூர்தம்மாள் கேட்டுக்கொண்டாள். ஐம்பத்து நாலு வயசு, தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். வயிற்றைக் கிழிக்கப்போகிறோம் என்று சொன்னால் யாராக இருந்தாலும் முகம் கொஞ்சமாவது மாறும். அவள் முகம் மாறவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"திங்கக்கிழம எனக்கு மாச ஊசி உண்டுல்ல சார்?"

"உண்டும்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"அப்ப சரிங்க சார்."

பக்கத்தில் நின்ற புருஷன் ஞானமுத்துதான் வெலவெலத்துப் போனார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார். இந்த அம்மா என்னத்தையோ மறைக்கிறாள் என்று அந்த நிமிஷமே பிருந்தாவுக்குப் பட்டுவிட்டது.

ஒன்பது மாசத்துக்கு முன்னால் அவர்கள் முதல் தடவை வந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. லூர்தம்மாளின் கை ஆம்பளைக் கையைவிட அகலம். மூக்கும் உதடும் தடித்து, தாடை முன்னால் நீண்டு, பல்லெல்லாம் இடைவெளி விட்டு ஆடி ஒவ்வொன்றாக விழுந்து, வாய் காலி. மோதிரத்தை அறுத்து எடுத்த தழும்பு விரலில் இருந்தது.

"மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கும்மா" என்று டாக்டர் அன்றைக்கு விளக்கினார். "பிள்ளைங்கள வளர்த்துறது அதுதான். வளர்ந்து முடிச்சா அடங்கணும். உங்களுக்கு அடங்கல. அதான் கை, கால், தாடை, நாக்கு எல்லாம் இந்த வயசுலயும் வளருது."

"அக்கம்பக்கத்துல ஆம்பள மூஞ்சிங்கறாங்க சார். பேய் புடிச்சிருச்சின்னு ஒருத்தி எண்ணெய் மந்திரிச்சிக் குடுத்தா."

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாசம் ஒரு ஊசி போட்டா வளர்ச்சி நிக்கும், வீக்கம் வடியும். ஊசிய நாங்க தர்றோம். ஆனா இந்த நோய்க்காரங்களுக்குக் குடல்ல கட்டி வர்றது சாஸ்தி. அதனால ஒரு பல் செட்டும் தருவோம். சாதாரண செட்டு இல்ல. உங்க எச்சிலைப் பாத்து, குடல்ல கட்டி இருக்கா இல்லையான்னு சொல்லும். ஒரு மணி நேரம் வாயில ஊறினாலே போதும். ராத்திரி படுக்கும்போது கழுவி இந்த டம்ளர்ல போட்டு மூடிருங்க. அன்னன்னிக்குச் சேதி தானா எங்களுக்கு வந்துரும்."

லூர்தம்மாள் அந்த டம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடி போட்ட வெள்ளை டம்ளர், அடியில் 17 என்று அச்சு. "வேற யாரும் இத மாட்டக் கூடாது" என்று பிருந்தா கண்டிப்பாகச் சொன்னாள். "விதிய மீறினா ஆராய்ச்சியிலருந்து எடுத்துருவாங்க. ஊசியும் நின்னுரும்." அந்தச் சமயம் வெளியே வராந்தாவில் 'டொக், டொக்' என்று சத்தம். எட்டிப் பார்த்தால், ஞானமுத்து கால்மேல் துண்டை விரித்துப்போட்டுக்கொண்டு, சின்ன இரும்பு உரலில் வெற்றிலை பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வாயில் ஒரு பல் கிடையாது. காவலாளி கத்தவும் உரலை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார்.

ஊசி நன்றாகவே வேலை செய்தது. நாலே மாசத்தில் வீக்கம் வடிந்து, முதல் செட் வாயில் தொளதொளவென்று ஆடியது. பல் டெக்னீஷியன் ஜாபர் மறுபடி அச்சு எடுத்து இரண்டாவது செட் செய்தான். "முதல் அச்சு ஆம்பளைக்குச் செஞ்ச மாதிரி இருக்கும்மா, இதப் பாருங்க, எவ்வளவு அழகாச் சின்னதாயிருச்சு" என்று அவன் சொன்னபோது லூர்தம்மாள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பழைய செட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது விதி. அடுத்த தடவை வந்தவள் கையை விரித்துவிட்டாள்.

"வாந்தி எடுத்தேன் மேடம். ஒம்பதாவது கொண்டை ஊசி வளைவு. சன்னல் வழியாத் தலைய நீட்டி எடுத்தேனா, கைப்பைக்குள்ள செட்டு வச்சிருந்த கவரும் சேர்ந்து பள்ளத்துல போயிருச்சு."

வால்பாறை மலைப்பாதையில் நாற்பது வளைவு. வாந்தி எடுக்காதவர்கள்தான் அதிசயம். எந்த வளைவில் போய் யார் தேடுவது? பிருந்தாவுக்குக் கொஞ்சமும் நம்பிக்கையில்லை. ஆனாலும் 'தொலைந்தது' என்று எழுதிவைத்தாள். சந்தேகத்துக்கு ஆதாரம் வேண்டுமே.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் பெங்களூருக்குப் போன் போட்டு, பதினேழாம் நம்பரின் கழிக்காத, கூட்டாத அசல் பதிவுகள் வேண்டும் என்றாள். கம்பெனிக்காரன் எதற்கு என்று இழுத்தான். ஆபரேஷன் டேபிளில் அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆனால் முதலில் உன் பேரைத்தான் எழுதுவேன் என்றாள். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது.

பார்த்ததும் அவளுக்கு ஜிவ்வென்று ஏறியது. இருபத்துமூன்று ராத்திரிகளுக்கு இரண்டிரண்டு பதிவுகள். ஒன்பது பத்துக்கு ஒன்று, பச்சை. ஒன்பது பதினாலுக்கு இன்னொன்று, சிவப்பு. ஒருத்தி வாய் நாலு நிமிஷத்தில் இரண்டு வாயாக ஆகுமா? அதுவும் இந்த இரண்டாவது பதிவுகள், லூர்தம்மாளை முதல் தடவை போனில் கூப்பிட்ட அன்றோடு நின்றுபோயிருந்தன. வேலை முடிந்ததும் கடையைக் கட்டின மாதிரி.

"அகப்பட்டான்யா!" என்று தாளை எடுத்துக்கொண்டு ஜாபரின் அறைக்கு ஓடினாள். "கம்பெனிக்காரன் பொய்ப் பதிவு நுழைச்சிருக்கான் ஜாபர். நாம கூப்பிட்டதும் நிறுத்திட்டான். இதப் பாரு."

ஜாபர் மெழுகுக் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தான். "அப்புறம் ஏன்க்கா இன்னும் சிவப்பா இருக்கு?"

"சிவப்பு ஏறினா தானா எறங்காது. டாக்டர் கையெழுத்துப் போட்டாத்தான் எறங்கும். ஒரே ராத்திரி ரெண்டு பதிவு வந்தா எது மோசமோ அத மட்டும் நமக்குக் காட்டுது. பாதுகாப்புக்காம்!"

"சரி. பொய்ப் பதிவு எழுதுறவன் சுண்ணாம்பு எழுதுவானா?"

"என்ன சுண்ணாம்பு?"

"இங்க பாருங்க. ஒம்பது பத்து வாயில சுண்ணாம்பு இல்ல. ஒம்பது பதினாலு வாயில இருக்கு, இருபத்துமூணு நாளும் இருக்கு. புகையிலையும் இருக்கு. இது வெத்தல போடுற வாய்க்கா. நம்பர ஆளுக்குத்தான் குடுத்தோம், செட்டுக்குக் குடுக்கல. பழைய செட்டும் பதினேழு, புது செட்டும் பதினேழு. ரெண்டையும் ஒரே டம்ளர்ல போட்டா ரெண்டும் லூர்தம்மா கணக்குலதான் ஏறும்." அவன் தாளைத் திருப்பிக் கொடுத்தான். "பள்ளத்துல விழுந்த செட்டு வெத்தல போடுது."

பிருந்தா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். லூர்தம்மாளுக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. புருஷனுக்கு உண்டு. ஆனால் அவர்தான் பொக்கை வாய், உரலில் இடிக்கிறவர் ஆயிற்றே என்று நினைத்தவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. நேற்று வராந்தாவில் உரல் சத்தம் கேட்டதா? போன மாசம்? அதற்கு முந்தின மாசம்? டொக் டொக் கேட்டு நாலு மாசத்துக்கு மேல் ஆகிறது. நேற்றெல்லாம் அந்த மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டே நின்றாரே! ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் கண்ணெதிரே இருந்ததைக் கோட்டைவிட்டுவிட்டாள். அவளுக்கு அவள்மேலேயே எரிச்சலாக வந்தது.

டாக்டரிடம் சொல்லவில்லை. முழுசாகத் தெரியாமல் சொல்லிப் பழக்கமில்லை. சனிக்கிழமை விடிந்ததும் பொள்ளாச்சி போய், வால்பாறை பஸ் ஏறினாள். இருபத்தேழாவது வளைவில் அவளும் சன்னல் வழியாகத் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். எடுத்துக்கொண்டிருக்கும்போதே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பை எங்கேயும் பறக்கவில்லை. அடி கள்ளி என்று லூர்தம்மாளை நினைத்து வாயைக் கொப்பளித்தாள்.

எஸ்டேட் லைன் வீட்டு வரிசையில் நாலாவது கதவு. கதவுக்கு வெளியிலேயே 'கரக், கரக்' என்று சத்தம் கேட்டது. உள்ளே ஞானமுத்து ஒரு தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டு கடித்துத் தின்றுகொண்டிருந்தார். வெள்ளை வெளேரென்று வரிசைப் பல். பிருந்தாவைப் பார்த்ததும் கையில் இருந்த முறுக்கு கீழே விழுந்தது.

"நல்லா இருக்கீங்களாய்யா? முறுக்கு மொறுமொறுன்னு இருக்கா?"

அவர் எழுந்து நின்று வாயைப் பொத்தினார். அப்புறம் கையை எடுத்துவிட்டார். இனி என்ன!

"மன்னிச்சிருங்கம்மா. அவ மேல தப்பு இல்ல. அவ புது செட்டு வாங்கிட்டு வந்தன்னிக்கு, பழசச் சும்மா வாயில வச்சுப் பாத்தேன். எனக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்துருச்சு. பன்னண்டு வருசமாச் சோத்தக் கரைச்சிக் குடிச்சவன்மா நான். கறியக் கடிச்சுத் தின்னேன் அன்னிக்கு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதப் பாத்துட்டுத்தான் அவ பஸ்ஸுல போச்சுன்னு சொல்லிட்டா."

"சொன்னா சொல்லிட்டுப் போங்க. அத எதுக்கு அந்த டம்ளர்ல போட்டீங்க?"

"டம்ளர்லயா?" ஞானமுத்து விழித்தார். "நான் எங்கம்மா டம்ளர்ல போட்டேன்? ராத்திரி கழுவி சன்னல் திண்டுல கிண்ணத்துல வப்பேன். காலைல எடுத்து மாட்டுவேன். அவ டம்ளரத் தொட்டதே இல்ல. மாதா மேல சத்தியமா."

பொய் சொல்கிறவர்களை அவளுக்குத் தெரியும். இந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. அப்படியானால் யார்?

"நாந்தான் போட்டேன் மேடம்."

லூர்தம்மாள் வாசலில் நின்றாள், தலையில் முக்காடு, கையில் ஜெபமாலை. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாள். உள்ளே வந்து, கீழே கிடந்த முறுக்கை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"இவரு தூங்கினப்புறம், கிண்ணத்துலருந்து எடுத்து டம்ளர்ல போடுவேன். கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்துத் திரும்பக் கிண்ணத்துல வச்சிருவேன். இருவது நாளுக்கு மேல போட்டேன்."

"எதுக்கும்மா?"

லூர்தம்மாள் புருஷனைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "இவரு வேட்டியத் தொவைக்கிறது நானு. வருசம் ஒண்ணாச்சு, ரத்தம். கேட்டா மூலம்ங்கறாரு. கருணைக்கெழங்கு தின்னா சரியாயிரும்ங்கறாரு. டாக்டரப் பாருங்கன்னா, 'வயசான காலத்துல எவன்கிட்டயோ குனிஞ்சு காட்டச் சொல்றியா, அதுக்குச் செத்துப்போலாம்'ங்கறாரு. கையப் புடிச்சு அழுதேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். டீ குடிச்சிட்டு வாரேன்னு பொடிநடையா வீட்டுக்கு வந்துட்டாரு இந்த மகராசன்."

"ஏ புள்ள…" என்றார் ஞானமுத்து.

"அன்னிக்கு டாக்டர் சார் சொன்னாருல்ல, எச்சில் சொல்லிரும்னு. குனிய வேண்டாம், காட்ட வேண்டாம். இவருக்கே தெரிய வேண்டாம். போட்டேன். நீங்க போன் பண்ணி, வாங்க, சிவப்பு வந்துருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அந்த நிமிசமே எனக்கு விளங்கிருச்சு. அதோட போடுறத நிறுத்திட்டேன்."

பிருந்தாவுக்குக் கோபம் பொங்கியது. "அப்பவே சொல்ல வேண்டியதுதானம்மா? ரெண்டு தடவ பேதி மருந்து குடிச்சு, ரெண்டு தடவ குழாய் விட்டு… உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"சொன்னா இவரு நம்புவாரா? 'நோய் உனக்கு, ஆராய்ச்சி உனக்கு, கட்டியும் உனக்குத்தான் இருக்கும்'பாரு. எனக்கு இல்லன்னு முதல்ல ஆகணும்ல? முதல் தடவ பாத்துட்டு, வயிறு சுத்தமாகல, இன்னொரு தடவன்னீங்க. அதுக்கும் படுத்தேன். ரெண்டு தடவயும் இவரக் கூட்டிட்டுப் போயி வெளியில உக்கார வச்சேன். பொம்பள நான் குனிஞ்சு காட்டிட்டு நடந்து வந்தேன்ல, மானம் போயிருச்சா, உசுரு போயிருச்சா, கண்ணால பாக்கட்டும்னுதான்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "ரெண்டாவதும் சுத்தம்னு வந்ததும் சொல்லிரலாம்னுதான் இருந்தேன். சொன்னா ஊசி நின்னுரும். திங்கக்கிழம ஊசிய மட்டும் வாங்கிட்டு, மறுநா ஆபரேசன் ரூம் வாசல்ல நின்னு, 'உள்ள போக வேண்டியது நான் இல்ல, இவரு'ன்னு சொல்ல இருந்தேன்."

இடது கையை நீட்டிக் காட்டினாள். மோதிர விரலில் ஒட்டுப்போட்ட தங்க மோதிரம். "அறுத்தெடுத்தத ஒட்ட வச்சு, ஏழு வருசம் கழிச்சு போன மாசந்தான் மேடம் ஏறுச்சு."

ஞானமுத்து வாயில் கைவிட்டு, செட்டைக் கழற்றி, முறுக்குத் துணுக்கோடு மேஜைமேல் வைத்தார். கன்னம் உள்ளே போய் ஒரே நொடியில் பத்து வயசு கூடிவிட்டது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒனக்கு வயித்தக் கிழிக்கப் போறாங்கன்னு ரெண்டு நாளாச் சாவுறேன் நானு. நீ எனக்காகவா போயி…" என்று குழறினார். அப்புறம் பிருந்தாவிடம் திரும்பினார். "எந்த நாளைக்கு வரணும்மா? குனியணும்னா குனியுறேன்."

பிருந்தா இத்தனை வருஷத்தில் பிடித்த பொய்கள் எத்தனையோ. பிடித்ததும் ஒரு திருப்தி வரும். இன்றைக்கு அது வரவில்லை.

"ரிப்போர்ட் நான் எழுதத்தான் போறேன்மா. பொய் எழுத மாட்டேன்" என்றாள். "ஆனா இன்னிக்குச் சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை லீவு. திங்கக்கிழமை எனக்கு வேற வேலை இருக்கு. செவ்வாய்க்கிழமைதான் எழுதுவேன்."

லூர்தம்மாள் உள்ளே போய், காப்பி போட்டுக் கொண்டுவந்தாள்.

அன்றைக்கே பிருந்தா டாக்டரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். "செவ்வாய்க்கிழமை வயித்தத் திறந்திருப்பேனேம்மா" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். திங்கட்கிழமை லூர்தம்மாளுக்கு ஊசி போட்டார்கள். அடுத்த அறையில் ஞானமுத்துவைப் படுக்கவைத்துக் குழாய் விட்டார்கள். பெருங்குடலின் இடப்பக்கத்தில் கொய்யாப் பிஞ்சு அளவுக்குக் கட்டி. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தால் ஈரலுக்குப் போயிருக்கும் என்றார் சர்ஜன். பத்தாம் நாள் வெட்டி எடுத்தார்கள். மனுஷன் பிழைத்துக்கொண்டார். ஆனால் எழுந்து உட்கார்ந்ததும் கேட்டது கருணைக்கிழங்குக் குழம்பு. நர்ஸம்மா முறைத்தாள்.

சொன்னபடியே அந்தச் செவ்வாய்க்கிழமை பிருந்தா ஒரு வரி விடாமல் உண்மையை எழுதி அனுப்பினாள். எழுதின கையோடு அவளுக்கு ஒரு ஆசையும் இருந்தது. அந்த நோயே இல்லாத ஒரு மனுஷனின் கட்டியைச் செட் கண்டுபிடித்திருக்கிறது. நாற்பது பேரில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். கம்பெனிக்காரன் தலையில் தூக்கிவைத்து ஆடமாட்டானா?

மூன்று வாரம் கழித்துப் பெங்களூரிலிருந்து பதில் வந்தது. இருபத்துமூன்று நாள் பதிவுகளும் விதிமீறல், நீக்கப்பட்டன. பதினேழாம் நம்பர் ஆராய்ச்சியிலிருந்து விலக்கப்படுகிறது. முடிவு: இந்த நோயாளியிடம் செட் தவறான எச்சரிக்கை தந்தது.

"அடப்பாவிகளா!" என்று பிருந்தா அலுவலகமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். டாக்டர் அரசாங்கத் திட்டத்தில் ஊசிக்கு எழுதிப்போட்டார். வர நாலைந்து மாசம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் அந்தச் சுரப்பி சும்மா இருக்குமா? கடிதத்தின் அடியில் இன்னொரு வரி. இரண்டு செட்டுகளையும் டம்ளரையும் பத்து நாளுக்குள் திருப்பி வாங்கவேண்டும், டம்ளரைக் கையில் வாங்கினால்தான் அணைக்கமுடியும். அதாவது ஊசியைப் பிடுங்கினது போதாமல், இரண்டு பேர் வாயிலிருக்கிற பல்லையும் பிடுங்கிக்கொண்டு வா என்கிறான்.

பிருந்தாதான் போன் செய்து சொல்லவேண்டியிருந்தது. லூர்தம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மோதிரத்தைக் கழற்றிக் கழுத்துச் சங்கிலியில் கோத்துவிட்டதாகச் சொன்னாள். எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள். ஒன்பதாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"மேடம், பஸ்ஸுல வந்துட்டு இருந்தேன். வாந்தி வந்துருச்சு."

பிருந்தா கண்ணை மூடிக்கொண்டாள். "எத்தனாவது வளைவு?"

"பன்னண்டு மேடம்."

"ரெண்டு செட்டுமா?"

"ரெண்டும்தான்."

"டம்ளருமா லூர்தம்மா?"

"டம்ளர்லதான மேடம் ரெண்டையும் வச்சிருந்தேன்."

பிருந்தா படிவத்தை எடுத்தாள். தொலைந்த பொருள், தொலைந்த இடம், தொலைந்த விதம். கடைசியில் ஒரு கட்டம்: சரிபார்ப்பவருக்குச் சந்தேகம் ஏதும் உண்டா? 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பதினேழாம் நம்பரின் புள்ளி திரையில் சாம்பல் நிறமாக மாறியது. யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை, பிருந்தாவைத் தவிர. இரண்டு வாரம் கழித்து அதனுள்ளே ஒரு பதிவு வந்து கிடந்தது. சுண்ணாம்பு இல்லாத, சர்க்கரை அதிகமுள்ள, இதுவரை பார்க்காத வாய். பச்சை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு வாய். அதுவும் பச்சை. அப்புறம் மூன்றாவது, நாலாவது. லைன் வீட்டில் ஒரு வரிசைக்குப் பத்துக் கதவு என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. யார் எவர் என்று விசாரிக்க நாக்கு துடித்தது. விசாரிக்கவில்லை.

ஏழாவது வாய் ஒரு புதன்கிழமை காலையில் வந்திருந்தது. சிவப்பு.

பிருந்தா எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினாள். போனை எடுத்தாள்.

"லூர்தம்மா, நேத்து யாரோட வாய்?"